நாற்பது குவளை

ஜூன் 4

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சுண்டெலி எழுதுகிறேன். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். முதலில் சேதி: எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது! புதிதாகத் திறக்கப்போகிற ஓர் உணவகம். திறப்பு நாளன்று இருபது மேசைக்கும் பூ வைக்க வேண்டியது நான். பிடித்துப்போனால் வாராவாரம் நானே வைக்கலாம் என்று முதலாளியம்மா சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "இதுவும் ஊத்திக்கிச்சுன்னா ஒண்ணாந்தேதி பழைய ஆபீஸ்லயே போய் உக்காரு. மேனேஜர்கிட்ட பேசி வச்சிருக்கேன்" என்கிறார். கணக்குப் பிரிவில் என் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். மாமா, அதை நினைத்தாலே எனக்கு முதுகு வலிக்கிறது.

அதனால் ஓர் உதவி. குவளை நாற்பது வேண்டும். உங்கள் வீட்டைச் சுற்றி இல்லாத குவளையா! நீலம், வெள்ளை எதுவானாலும் சரி, சின்னதும் பெரிதும் கலந்திருக்கட்டும். நசுங்காமல் பத்திரமாகச் சுற்றி, பத்தாம் தேதி காலையில் எனக்குக் கிடைக்கிற மாதிரி பார்சல் லாரியில் போட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் வாங்கிவிட்டேன்.

ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். அத்தை பக்கத்தில் நின்றால் நீங்கள் "ம்", "ம்ம்" இரண்டைத் தவிர வேறு பேச மாட்டீர்கள்.

உங்கள்
சுண்டெலி

ஜூன் 8

மகாகனம் பொருந்திய சுண்டெலிக்கு,

உன் கடிதம் கண்டு நான் குதித்த குதியில், கீழ்வீட்டுக்காரர் நிலநடுக்கம் என்று குடும்பத்தோடு தெருவுக்கு ஓடிவிட்டார். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து லட்சோப லட்சம் ஜனங்களை உயர்த்திவிட்டவன் நான். சொந்த மருமகளைத் தூக்கிவிட மாட்டேனா?

பூக்காரி பூவைக் கேட்காமல் குவளையைக் கேட்கிறாளே என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரே ஒரு கணம்தான். கலைஞர்களைக் குறுக்கு விசாரணை செய்வது அற்பர்கள் வேலை.

உன் அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்துப் படையெடுப்பு தொடங்கியது. நீல எனாமல் மக்குகள் முதலில் வீழ்ந்தன. அடுத்து மூடி தொலைந்த கெட்டில். குவளைக்கு மூக்கு முளைத்தால் கெட்டில், அவ்வளவுதானே? சர்க்கரை டப்பா, பிடி உடைந்த ஜக்கு, நான் சவர நுரை கலக்கும் கிண்ணம், எல்லாம் சரணடைந்தன. அப்புறம் தெரு. பல் டாக்டர் நோயாளிகள் வாய் கொப்பளிக்கிற டம்ளர்களைக் கொடுத்தார். கழுவிவிட்டேன், மூன்று தடவை. தையல்காரர் பொத்தான்களை மேசையில் கொட்டிவிட்டு டப்பாவை நீட்டினார். "சுண்டெலிக்கா? எடுத்துட்டுப் போங்க சார். எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க, எனக்கும் தெரியாது" என்றார். நான்தானே அதைச் சொல்லியிருக்க வேண்டும்!

அத்தை குளித்துவிட்டு வந்தாள்.

"தண்ணி குடிக்க வீட்டுல என்ன வச்சிருக்கீங்க?"

"உள்ளங்கை இருக்கே. எத்தனை சக்கரவர்த்திகள்..."

"அப்படியா? கொதிக்கக் கொதிக்க டீ போட்டிருக்கேன். எங்கே, நீட்டுங்க சக்கரவர்த்தி."

இதைக் கொப்புளம் ஊதிக்கொண்டே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். நாற்பதும் என் வேட்டிகளுக்குள் சுற்றப்பட்டு லாரி ஏறிவிட்டன. வேட்டிகளைத் திருப்பி அனுப்பு. நான் வெளியே போக வேண்டும்.

இப்படிக்கு,
உலகம் இன்னும் கண்டுகொள்ளாத
உன் மாமன்

ஜூன் 10

மாமா,

அன்புள்ள இல்லை. வெறும் மாமா.

பார்சலைப் பிரித்தேன். முதலில் ஒரு வேட்டி வந்தது, அதற்குள்ளிருந்து ஒரு கெட்டில் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

நான் கேட்டது குவளைப் பூ! உங்கள் வீட்டுக்குப் பின்னால் குளம் முழுக்கப் பூத்துக் கிடக்கிறதே, அந்த நீலக் குவளை! தண்ணீர் குடிக்கிற டம்ளரைக் குவளை என்று சொல்கிற மனுஷர் இந்த நூற்றாண்டில் நீங்கள் ஒருவர்தான். அது தெரிந்தும் உங்களுக்கு எழுதினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

பூவை மிதக்கவிடுவதற்காக இருபது அகலமான கண்ணாடிக் கிண்ணம் வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்குத் திறப்பு. மார்க்கெட்டுக்கு ஓடினேன். நீளக் காம்புப் பூவையெல்லாம் யாரோ கல்யாணக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது காம்பு ஒடிந்த ரோஜாவும் கட்டோடு சேராமல் கழித்துப் போட்ட சாமந்தியும்தான். கிண்ணத்தில் விட்டால் ஒன்று குப்புற விழுகிறது, ஒன்று முங்கிப்போகிறது. நீச்சல் தெரியாதவர்களைக் குளத்தில் தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது.

அம்மாவிடம் என்ன சொல்ல? "மாமா கெட்டில் அனுப்பினார்" என்றா?

கோபத்துடன்,
சுண்டெலி

ஜூன் 12

அன்பும் அன்பும் அன்பும் உள்ள மாமாவுக்கு,

முன்னால் எழுதிய கடிதத்தைப் பிரிக்காமலே கிழித்துப் போடுங்கள். ப்ளீஸ்!

தபாலில் அதைப் போட்டுவிட்டு வந்தால், உங்கள் கடிதம் வாசலில் கிடந்தது. படித்துவிட்டு உட்கார்ந்தேன். அழுது முடித்தால் தாகம் எடுக்குமே, உங்கள் எனாமல் மக்கில் தண்ணீர் பிடித்தேன். கையில் ஒரு ஒடிந்த ரோஜா இருந்தது. வைக்க இடம் இல்லாமல் அதை மக்கில் போட்டேன். மாமா, அது நின்றது! விளிம்பில் தாடையை ஊன்றிக்கொண்டு, ஜன்னலில் வேடிக்கை பார்க்கிற குழந்தை மாதிரி நின்றது!

அதற்கப்புறம் என் கை நிற்கவே இல்லை. தண்ணீருக்குள் போகிற இலையையெல்லாம் உருவினேன், காம்பைச் சாய்வாக வெட்டினேன். பிடி உடைந்த ஜக்கின் வாயில் டேப்பைக் கட்டம் கட்டமாக ஒட்டி, கட்டத்துக்கு ஒரு சாமந்தி. பொத்தான் டப்பா ஒழுகியது, உள்ளே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி இறக்கினேன். கெட்டில் மூக்கில் ஒற்றை வெள்ளைப் பூ, அவ்வளவுதான். டாக்டர் டம்ளர்களை மூன்று மூன்றாக ஒட்டி நிறுத்தினேன். மேசைக்கு மேசை வேறு வேறு. ஒன்றுபோல ஒன்று இல்லை.

மறுநாள் எல்லாவற்றையும் உணவகத்தில் வைத்து முடித்தபோது முதலாளியம்மா உள்ளே வந்தார்கள். கெட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"இதெல்லாம் எந்தக் கடையில வாங்கினே?"

"கடையில இல்லைங்க. எங்க மாமா ஒரு தெருவையே கொள்ளையடிச்சு அனுப்பினாரு."

சிரித்தார்கள் பாருங்கள்! வந்தவர்களும் சாப்பாட்டை விட்டுவிட்டு மேசை மேசையாகப் போய்ப் பார்த்தார்கள். பொத்தான் டப்பா மேசைதான் வேண்டும் என்று ஒரு பெரியவர் காத்திருந்து உட்கார்ந்தார். வாராவாரம் நான்தான், மாமா! குவளைகளும் அங்கேயே இருக்க வேண்டுமாம். பக்கத்து சலூன்காரரும் கேட்டிருக்கிறார். இன்னும் குவளை வேண்டும். குடிக்கிற குவளை!

அத்தை டீ குடிக்க அந்த இருபது கண்ணாடிக் கிண்ணத்தையும் வேட்டிகளில் சுற்றி அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஃபோனை எடுக்கிறேன், வைக்கிறேன். ஒரு மேசைப் பூவுக்கா இந்த ஆட்டம் என்று கேட்டுவிட்டால்? நீங்கள் சொல்லுங்களேன்.

உங்கள்
சுண்டெலி

ஜூன் 20

பூக்களின் பேரரசிக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. கிழிக்க வேண்டியதைத்தான் முதலில் பிரித்தேன். "வெறும் மாமா" என்பதைப் படித்துவிட்டு உயில் எழுதப் பேனா தேடினேன். அடுத்ததைப் படித்துவிட்டு நான் ஆடிய ஆட்டத்தில் கீழ்வீட்டுக்காரர் வீட்டையே காலி செய்கிறாராம். குளத்துக் குவளையா! அந்தப் பூவை நான் வாழ்நாள் முழுக்க அல்லி என்று அழைத்து அவமானப்படுத்தியிருக்கிறேன்.

நீ சொன்னபடி உன் அம்மாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, ஃபோன் செய்தேன். முடிப்பதற்குள் வைத்துவிட்டாள். மறுநாள் வாசலில் நின்றாள். உன் அத்தை அவளுக்குக் கண்ணாடிக் கிண்ணத்தில் டீ கொடுத்தாள். இரண்டு கையாலும் ஏந்தி, மூக்கு நனையாமல் குடிக்க அவள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே!

"எல்லாம் உன்னாலதான். நீ தைரியம் குடுத்துத்தானே அவ வேலையை விட்டா?"

"ஆமாக்கா."

"வாராவாரம்னா, நிஜமாவே வாராவாரமா?"

"நிஜமாவே."

"இருபது மேசையா?"

"இருபது. சலூன் தனி."

டீயைக் குடித்து முடித்தாள். கிண்ணத்தை அவளே கழுவி வைத்துவிட்டுப் போனாள். எனக்குக் கிலி பிடித்துவிட்டது. அக்கா திட்டாமல் போனால் அது புயலுக்கு அறிகுறி.

மறுநாள் வாடகை வண்டி வந்து நின்றது. டிரைவரைத் தொடவிடாமல் ஒரு அட்டைப்பெட்டியைத் தானே இறக்கினாள். உள்ளே உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தாளே, ரோஜா வரைந்த பீங்கான் செட், அது முழுசாக இருந்தது. நீ ஆறு வயதில் தொட்டதற்கு முதுகில் வாங்கினாயே, அதே செட். விருந்தாளி யாருக்கும் வெளியே எடுத்ததில்லை, எனக்குக்கூட. ஒவ்வொன்றையும் தன் புடவையைக் கிழித்துச் சுற்றியிருந்தாள்.

"ஒண்ணு உடைஞ்சாலும் ஒண்ணாந்தேதி ஆபீஸ்தான்னு சொல்லிடு" என்றாள், முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு.

பெட்டி இன்றே லாரி ஏறுகிறது. இன்னொரு விஷயமும் உண்டு. அந்த நாற்காலியில் வேறு யாரையாவது உட்காரவைத்துக்கொள்ளச் சொல்லி, வண்டி ஏறுவதற்கு முன்பே மேனேஜருக்கு ஃபோன் போட்டுவிட்டாளாம். அதை உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆகவே நான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வாக்குத் தவறாத
உன் மாமன்