விடுமுறைக்குள் அகப்பட்ட ரத்தம்

2.9.1957, திங்கள்
காஜா பேராங்

சரசு அக்காவை இன்று மாலை எரித்துவிட்டார்கள். எதிர்வீட்டு லோரி டிரைவர் பாலன் அண்ணனின் மனைவி.

வலிப்புக்காக அக்காவுக்குப் புரோமைடு மருந்து கொடுத்து வந்தார்கள். ஒரு வாரமாக உளறிக்கொண்டிருந்ததால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மருந்து ரத்தத்தில் தேங்கிவிட்டதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். வெள்ளிக்கிழமை ரத்தம் எடுத்து, பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் என்னிடம் அனுப்பினார். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும், அதனால் முடிவு வரும்வரை மருந்து தொடரட்டும் என்றார்.

ஒரு மணி நேர வேலைதான். மறுநாள் மெர்டேக்கா, நாட்டின் சுதந்திர நாள். ரத்தத்தை ஐஸ்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஊர்வலத்துக்குப் புதுச் சட்டை வாங்கப் போனேன். சனியும் ஞாயிறும் பரிசோதனைக்கூடம் பக்கமே போகவில்லை. அக்கா மருந்து குடித்துக்கொண்டே இருந்தார்.

இன்று காலை சோதித்தேன். குழாயில் கரும்பழுப்பு நிறம். அவ்வளவு மருந்தை யார் ரத்தத்திலும் நான் கண்டதில்லை. சீட்டோடு வார்டுக்கு ஓடினேன். கட்டில் காலி.

"வெடிகாலையிலயே போயிட்டாங்க," என்றார் நர்ஸ் மிஸி.

சுடுகாட்டில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரத்தம் எடுத்தாங்களே தம்பி, என்னா தெரிஞ்சிச்சி?"

"இன்னும் பாக்கலண்ணே."

"பாத்துட்டுச் சொல்லு. என் மேலதான் தப்போன்னு இருக்கு. மருந்து வேணாம்னு துப்புனா. நான்தான் கெஞ்சி ஊட்டினேன்."

கையை விடுவித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தேன்.

எதிர்வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது. பத்தடி தூரம். எழுந்து போய்ச் சொல்ல என்னால் முடியவில்லை.