விரலுக்கு வராத துடிப்பு

நம் மகள் நேற்று ஒரு சின்னக் கருவி வாங்கி வந்தாள். துணி காயப்போடும் கிளிப் மாதிரி இருக்கிறது. விரல் நுனியில் மாட்டினால் சிவப்பு எழுத்தில் நாடித்துடிப்பைக் காட்டுகிறது. எனக்கு மாட்டிவிட்டு, "நல்லா இருக்கீங்கப்பா" என்றாள். நான் அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். எதோடு ஒப்பிட்டு இதைச் சரிபார்த்தார்கள் என்று எங்கும் எழுதவில்லை.

"ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று சிரித்தபடி தன் விரலிலும் மாட்டிக்கொண்டாள். "எனக்கும் நார்மல்தான். அப்பப்ப உள்ள ஓடற மாதிரி இருக்கு. ஆனா இதுல ஒண்ணும் காட்டல. மனசுலதான் போலிருக்கு." எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஓடற மாதிரி. அது உன் சொல். அவளுக்கு எப்படி வந்ததென்று தெரியவில்லை. அதனால்தான் இன்று உனக்கு எழுதுகிறேன்.

அந்த நாட்களில் நாம் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வாடகைக்கு இருந்தோம். நீ பாலம் தாண்டித் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போவாய். காதில் ஹெட்போனுடன் நாள் முழுக்க போர்டில் வெளியூர் ட்ரங்க் கால்களை இணைப்பாய். நான் திருவெறும்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போவேன். அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ்களைச் சோதிப்பது என் வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். முள் சரியான எண்ணில் நிற்கிறது என்பதாலேயே ஒரு கேஜை நம்பிவிட முடியாது. முள் சிக்கிக்கொண்டும் நிற்கலாம். பக்கத்தில் ஏற்கெனவே சரிபார்த்த மாஸ்டர் கேஜைப் பொருத்தி இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்தப் புத்தியை நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். "பால்காரரு, தராசு, பஞ்சாங்கம் எல்லாத்தையும் சந்தேகப்படுங்க. என் ரசத்துக்கு மாஸ்டர் கேஜ் கிடையாது, பேசாம சாப்பிடுங்க" என்பாய்.

சிறுவயதில் உனக்கு வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. எழுபதுகளின் பின்பாதியில்தான் அது வெளியே தெரிந்தது. துடிப்பு ஒழுங்கு தப்பியது. தில்லைநகர் டாக்டர், ஓட்டத்தை நிதானப்படுத்த ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து என்னைத் தனியே அழைத்தார். "இது அளவு மீறினா ஆபத்து சார். பசி போயிடும், துடிப்பு ரொம்பக் குறைஞ்சிடும். தினம் நாடி எண்ணுங்க. அறுபதுக்குக் கீழ இருந்தா மாத்திரை வேண்டாம்."

இதைப் போய் என்னிடம் சொன்னார். தினமும் காலையில் உன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழு நிமிடம் எண்ணினேன். கொஞ்ச காலம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒரு காலையில் எண்ணிக்கை அறுபதைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. மாத்திரையை நிறுத்தினேன்.

"நெஞ்சுக்குள்ள ஓடுதுங்க. நிக்காம ஓடுது."

"ஓடல. கையில மெதுவாத்தான் போகுது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அப்படி நான் சொல்லவில்லை, நினைத்தேன். லீவு முடிந்து சீக்கிரம் வேலைக்குத் திரும்பும் அவசரம் உனக்கு இருந்தது. "ரெண்டாப் போட்டா சீக்கிரம் சரியாகுமா?" என்று ஒருமுறை கேட்டிருந்தாய். இப்போது சாப்பாடும் இறங்கவில்லை என்கிறாய். டாக்டர் சொன்ன அடையாளங்கள் எல்லாம் பொருந்தின. எனக்குத் தெரியாமல் கூடுதலாக விழுங்குகிறாய் என்று முடிவு செய்தேன். புட்டியில் மாத்திரைகள் கணக்குத் தப்பாமல் இருந்தன. அதுவே என் சந்தேகத்தை வளர்த்தது. தனியாக வாங்கி எங்கேயாவது வைத்திருக்கலாம் அல்லவா? புட்டியை ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டேன்.

நீ அதைப் பார்த்துவிட்டாய். "மருந்த மறைச்சு வச்சு எழுதி வாங்கறதுக்கு எங்கிட்ட சொத்துகூட இல்லையே. எதுக்குங்க இந்தப் பாடு?" என்று சிரித்தாய். சிரிப்பு பாதியில் நின்று மூச்சு வாங்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாய்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் நான் திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா, "முடியலன்னு ரிக்‌ஷா வச்சுக்கிட்டுப் போனாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்கு முதலில் வந்த நினைப்பு ஜீயபுரம். அங்கே உன் அண்ணனிடம் என்னைப் பற்றிச் சொல்லப் போயிருப்பாய். அடுத்து, மருந்துக்கடை. மூன்றாவதாகத்தான் டாக்டர் நினைவுக்கு வந்தார். பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. எதிரே மலைக்கோட்டை வந்துகொண்டிருந்தது. நான் என் மணிக்கட்டையே பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

நீ டாக்டரிடம்தான் இருந்தாய், தலையணைகளில் சாய்ந்து. டாக்டரை ஓரமாக அழைத்துத் தணிந்த குரலில், "இவ எனக்குத் தெரியாம மாத்திரை கூடப் போடறா டாக்டர்" என்றேன்.

"ரகசியம் எனக்கும் கேக்குதுங்க. காதுதானே என் பொழப்பு" என்றாய் கட்டிலிலிருந்து.

டாக்டர் சிரிக்கவில்லை. "எங்க வச்சு எண்ணினீங்க சார்?"

"கையில."

தன் ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டி, மறுமுனையை உன் நெஞ்சில் வைத்தார். என் விரல்களை உன் மணிக்கட்டில் வைக்கச் சொன்னார். "ரெண்டையும் ஒண்ணா கவனிங்க."

ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டம் இறங்கும் காலடிகள் போல, வரிசையே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. காதில் விரைந்து இரண்டு மூன்று அடிகள் விழும். விரலில் ஒன்றும் வராது. சின்ன இடைவெளி. பிறகு பலமாக ஓர் அடி. அது மட்டும் விரலை முட்டும். ஸ்டெதஸ்கோப் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். கழற்றித் தட்டிக்கூடப் பார்த்தேன். டாக்டர் பொறுமையாக நின்றார். மறுபடி மாட்டினேன். அதேதான்.

"ஒரு அடிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இதயத்துக்கு நேரம் வேணும் சார்" என்றார். "ரத்தம் நிரம்பணும். தசையும் தயாராகணும். முந்திக்கிட்டு வர்ற அடிக்கு வலு இருக்காது; ரத்தத்த வெளிய தள்ளாது, கைக்கும் வராது. இடைவெளி விட்டு வர்றது பலமா இருக்கும். அத மட்டும்தான் நீங்க எண்ணியிருக்கீங்க. மாத்திரை கூடிப் போகல, போதல. நிறுத்தினதும் இன்னும் ஓடுது. பசி போனதும் அதனாலதான். நெஞ்சுல வச்சு எண்ணச் சொல்லியிருக்கணும், நானும் சொல்லல."

"போர்டுல தினம் நடக்கறதுதான்" என்றாய் நீ. "நான் இங்கேருந்து கூப்பிடுவேன், மதுரையில மணியே அடிக்காது. அதுக்காக நான் கூப்பிடலன்னு ஆயிடுமா?" பிறகு என் பக்கம் திரும்பி, "இப்பவாவது கேட்டுச்சா?" என்றாய்.

ஸ்டெதஸ்கோப் இன்னும் என் காதில்தான் இருந்தது. உன் குரல் உன் நெஞ்சுக்குள்ளிருந்தே வந்தது. அதைக் கழற்றாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

மாத்திரை திரும்பியது. மறுவருடம் சென்னையில் வால்வை விரித்தார்கள். நீ மறுபடி போர்டில் உட்கார்ந்தாய். எண்பதுகளின் கடைசி வரை உயிரோடு இருந்தாய்.

டாக்டர் சொன்னதையும் நான் அப்படியே விட்டுவிடவில்லை. திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் போய்ப் படித்தேன். நல்ல இதயம் ஒழுங்காக வேகமெடுத்தால் வலு குறைவதில்லையாம். ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைவிடச் சற்று ஓங்கி, படியேறுவது போல் உயருமாம். அடிக்கு அடி தசைக்குள் கால்சியம் கூடுதலாகச் சேர்வதால் அப்படி. முதல் புத்தகத்தை நம்பாமல் இன்னொன்றிலும் பார்த்தேன். உன்னிடம் வந்து சொன்னேன். "நல்ல இதயம்னா அவசரத்துலயும் வலுவா பேசும். என்னுது அவசரப்பட்டா குரலே வெளிய வராது. உங்கள மாதிரி" என்றாய்.

விரலுக்கு வராமல் போனவை வேறு எத்தனையோ என்ற சந்தேகம் மட்டும் எனக்குத் தீரவில்லை. நீ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டவை. அவற்றை எந்தக் கேஜில் வைத்துப் பார்ப்பேன்?

நேற்று அந்தக் கிளிப்பை மேசையிலேயே விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனேன். "ஓடற மாதிரின்னு சொன்னியே. எப்பல்லாம் வருது?" என்றேன்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கருவி ஒண்ணுமில்லங்குது. நீங்க என்னைய நம்பறீங்களா? நீங்களா?"

"நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். நெஞ்சுல வச்சுக் கேக்கச் சொல்லுவோம். அதுக்கு முன்னாடி நீ சொல்லு."

தயங்கித்தான் ஆரம்பித்தாள். மாடிப்படி ஏறும்போது வருவது, மூச்சு வாங்குவது, சில நாட்களாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது. நடுவில் பல முறை நிறுத்தினாள். நிறுத்திய பிறகு வந்ததெல்லாம் சற்று உரக்கவே வந்தது. அவள் மணிக்கட்டு எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் சொல்லி முடிக்கும் வரை என் விரல்களைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.