தகவல் தந்தவர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் ஒரு குறையும் இல்லை, அவள் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பியே பேனாவை எடுத்திருக்கிறேன். இந்தக் கூரியர் கவரில் உன் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. இருபதாம் தேதிக்குள் அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் காட்டாவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும் என்று அழுதாயே, இனி அழ வேண்டாம், எல்லா முத்திரையும் வாங்கியாயிற்று. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால் நடந்ததை எழுதியே அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

முதலில் என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். இந்த முத்திரை வாங்கும் வேலையை நீ என்னிடம் சொல்லவில்லை, உன் தம்பியிடம் சொன்னாய். அவன் ஒரு ஏஜெண்டைப் பிடித்துவைத்துக்கொண்டு "இதெல்லாம் உங்களுக்குப் புரியாதுப்பா, விட்டுடுங்க" என்றான். மரம் அறுக்கும் மில்லில் நாற்பது வருடம், வெட்டு முகத்தைப் பார்த்தே கட்டையின் வயதைச் சொன்னவனுக்கு ஒரு தாள் புரியாதாம். உன் ஏஜெண்டை அவன் வீட்டுக்கே அனுப்புடா, பெத்தவன் நான் இருக்கேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உன் அம்மா "போங்க, நல்லா முட்டிக்கிட்டு வாங்க" என்று குடையை நீட்டினாள்.

நேராக வெளியுறவு அலுவலகத்துக்குத்தான் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் சட்டைப்பையில் மூன்று பேனா வைத்த அதிகாரி. சான்றிதழை வாங்கி வளைத்துப் பார்த்து, இதை யார் லேமினேட் செய்தது என்று கேட்டார். நான்தான், பத்திரமாக இருக்கட்டும் என்று, என்றேன். "பத்திரமாத்தான் இருக்கு, ஆனா பிளாஸ்டிக் மேல முத்திரை எங்கங்க குத்துறது?" என்றார். உனக்கு ஞாபகம் இருக்கும், கடைத்தெருவுக்கு அந்த மெஷின் வந்த வாரமே வீட்டிலிருந்த அத்தனை காகிதத்தையும் அள்ளிக்கொண்டு போனேன், கரண்ட் ரசீது உட்பட. சரி, வந்ததுதான் வந்தோம், இந்த முத்திரை எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு போவோமே என்று அவரையே கேட்டேன். நல்ல மனிதர், விளக்கினார். சான்றிதழில் இருப்பது பதிவாளர் கையெழுத்துதானா என்று மாவட்ட அலுவலகம் பார்க்குமாம். மாவட்ட அதிகாரியின் கையெழுத்துதானா என்று இவர் பார்ப்பாராம். எல்லோருடைய மாதிரிக் கையெழுத்தும் கோப்பில் இருக்குமாம். அப்படியானால் என் பெண் பிறந்தது நிஜமா என்று யார் பார்ப்பார்கள் என்றேன். "அது எங்க வேலை இல்லைங்க. சந்திரன்ல பிறந்ததுன்னு எழுதியிருந்தாலும் கையெழுத்து சரியா இருந்தா முத்திரை உண்டு" என்றார். சரி, உங்கள் கையெழுத்தை யார் பார்ப்பார்கள் என்று நான் ஆரம்பிப்பதற்குள் வரிசையில் பின்னாலிருந்து ஒருத்தர், "பெரியவரே, சந்திரனுக்கு நாளைக்குப் போலாம், இப்ப கொஞ்சம் நகருங்க" என்றார். பஸ்ஸில் வீடு வரைக்கும் எனக்கு இதே யோசனைதான். ஆள்மேல் ஆள் ஏறி நிற்கிறார்கள், அடியில் நிற்பவன் யார் என்று ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

இனி என் தவறைச் சொல்கிறேன், தம்பிக்குத் தெரியாது. பிளாஸ்டிக்கை உரிக்கலாம் என்று அம்மாவின் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி மேலே துணி போட்டுத் தேய்த்தேன். உரிந்தது. பதிவாளரின் கையெழுத்தும் கூடவே உரிந்து பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. அவர் கையெழுத்து இருந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "இப்ப பொண்ணு பிறக்கவே இல்ல, திருப்தியா?" என்றாள். அன்று இருபதுக்கு ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் பதிவு அலுவலகத்துக்கு மறுநகல் கேட்டுப் போனேன். அங்கே மேஜையில் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், பழைய பேரேட்டைத் தூசி தட்டி உன் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பிறகு அதைப் பார்த்தாள், என் மனுவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தகவல் தந்தவர்னு ஒருத்தர் இருக்கார். அவரே வந்தாத்தாங்க நகல் குடுக்க முடியும்" என்றாள். அது நான்தானம்மா என்றேன். "இல்லையே ஐயா, இது கைநாட்டு. நீங்க முத்து முத்தா எழுதியிருக்கீங்க. உங்க பேர்ல இந்தப் பேரேட்டுலயே நாலு அப்பா இருக்காங்க" என்றாள்.

உனக்கும் தம்பிக்கும் நான் இதைச் சொன்னதே இல்லை. நீ பிறந்தபோது எனக்கு எழுத்துத் தெரியாது. மூன்று நாள் குழந்தையாக நீ இருக்கும்போது அதே அலுவலகத்துக்குத்தான் வந்தேன். அன்றிருந்த குமாஸ்தா என் பெருவிரலைப் பீடியை அணைப்பதுபோல மையில் அழுத்தி, "கைநாட்டு ஆளா, தள்ளி நில்லு, மேல படப்போவுது" என்றான். மையை மாடிப்படிச் சுவரில் தேய்த்துவிட்டு வந்தேன். கட்டைகளில் சாக்பீஸால் போடும் குறி, லாரிப் பலகை, பில் புத்தகம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வைத்து நானே படித்தேன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். இனி இந்த விரல் மையைத் தொடாது என்று அன்றைக்கே முடிவு. பென்ஷன் ஆபீஸில் விரல் வைக்கச் சொன்னதற்கு இரண்டு மணி நேரம் சண்டை போட்டேனே, நீ தலையில் அடித்துக்கொண்டாயே, அதற்குக் காரணம் இதுதான்.

வேறு வழி உண்டா என்று கேட்டேன். கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் வாங்கலாம், ஒரு மாதம் ஆகும் என்று சொல்லி மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினாள். இருபதாம் தேதியை நினைத்தேன், பெருவிரலை வைத்தேன். பேரேட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸால் பார்த்தாள். நீ பிறப்பதற்கு முன் ரம்பம் கிழித்த தழும்பு இரண்டிலும் ஒரே சாய்வில் ஓடுகிறது. "ரம்பமே வந்து சாட்சி சொல்லுதுங்க" என்று சிரித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் நகல் தந்தாள். துடைத்துக்கொள்ளத் துணியும் கொடுத்தாள். பிறகு துடைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மாவட்ட அலுவலகத்தில் ஒரு முத்திரை. மறுநாள் மூன்று பேனாக்காரரிடம் போனேன், அவர் கோப்பைப் புரட்டி, கையெழுத்தை ஒத்துப் பார்த்துத் தன் முத்திரையைக் குத்தினார். "பொண்ணு பிறந்தது நிஜமான்னு கேட்டீங்களே, பதில் கெடைச்சுதா?" என்று சிரித்தார். நான் பெருவிரலைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். "மை இன்னும் போகலை போல, தாள்ல படாம பிடிங்க" என்றார்.

கண்ணு, பின்னால் அவர் பின் அடித்து ஒட்டியிருக்கும் முத்திரைத் தாளை எக்காரணம் கொண்டும் பிரிக்காதே, பிரித்தால் செல்லாதாம். லேமினேட்டும் வேண்டாம். அங்கே இதை வாங்கிப் பார்ப்பவர் எதை வைத்து ஒத்துப் பார்க்கிறார் என்று மறக்காமல் கேட்டு எழுது, எனக்கு அது தெரிந்தாக வேண்டும். தம்பியிடம் சொல்வதானால் நீயே சொல், கேலி செய்தால் என்னிடம் அனுப்பு. வேலையில் சேர்ந்து, நிமிர்ந்து நின்று, நூறு வயது நன்றாக இரு. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பக்கத்தில் பெருவிரலும் வைத்திருக்கிறேன். இரண்டும் நான்தான்.

இப்படிக்கு,
நீ பிறந்த தகவலைத் தந்த
உன் அப்பா