வெல்டர் மாமா எதற்காக வந்தார்

அன்பு மகள் சின்னுவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஆண்டவர் காவலில் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுதும்போதே கை கூசுகிறது. உன் இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. தபால் வரவில்லை என்று போனில் சொன்னது பொய் சின்னு, வந்தது. மாப்பிள்ளையின் கம்பெனியை மூடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது, ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நாலு தடவை படித்தேன், ஜெபம் பண்ண அல்ல, எவ்வளவு கேட்கப்போகிறாய் என்று கண்டுபிடிக்க. ஒரு தொகை எங்காவது இருக்கும் என்று காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். இல்லை. இல்லாததால் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது, இது வெறும் அஸ்திவாரம், அடுத்த கடிதத்தில்தான் கேட்பாள் என்று மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ என்னைச் சமாதானப்படுத்தி விடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பட்டறை நிலத்தை அந்தப் பெரிய கடைக்காரர்கள் வாங்கியது உனக்குத் தெரியும். நான் ஆயுள் முழுக்க லேத் மெஷின் சுற்றியும் கண்ணால் பார்க்காத பணம் ஒரே கையெழுத்தில் வந்தது. ஆண்டவர் கொடுத்தது என்று சபையில் சாட்சி சொன்னேன், எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கை தட்டலிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, எவனெவன் எதற்குத் தட்டுகிறான் என்று. பாடகர் குழுத் தலைவர் முன்வரிசையில் நிற்கச் சொன்னார், நாற்பது வருஷமாகப் பின்வரிசையில் கேட்காத குரல் இப்போதுதான் கேட்டதா என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐசுவரியத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். என்னைத்தான் குத்துகிறார் என்று ஆராதனை முடிந்ததும் நேராகப் போய், இன்றைக்கு இதைப் பேசச் சொன்னது யார் என்று கேட்டேன். அவர் எந்த ஞாயிறு எந்த வசனம் என்று சுவரில் ஒட்டியிருந்த வேதபாட அட்டவணையைக் காட்டினார், நான் நிலத்தை விற்பதற்கு ஆறு மாதம் முன்பே அச்சடித்தது. வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "விட்டா ஆண்டவர்கிட்டயே அடையாள அட்டை கேப்பீங்க போல" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெபத்தில் முழங்கால் போட்டால் காது மட்டும் கேட் பக்கமே கிடக்கும். கண்ணை மூடினால் வட்டி விகிதம் தெரியும். ஆமென் சொல்லி எழுந்தபிறகு என்ன ஜெபித்தேன் என்று எனக்கே தெரியாது.

இதற்கு நடுவில்தான் வெல்டர் மாமா வந்தார். பட்டறையில் எனக்குப் பக்கத்திலேயே இருபத்திரண்டு வருஷம் வெல்டிங் அடித்தவர், சின்ன வயதில் உன் மூன்று சக்கர சைக்கிளுக்கு எத்தனை முறை பற்றவைத்துக் கொடுத்திருப்பார். காலையில் மெஷினை ஓடவிடும் முன் அவரும் நானும் இரும்புத்தூள் கிடக்கும் தரையில் சாக்கை விரித்து முழங்கால் போடுவோம், அது ஒருநாளும் தவறியதில்லை. நிலம் கைமாறிய பிறகு அவர் வேறொரு பட்டறையில் கூலிக்குப் போனார். நான் அவருக்குக் கொஞ்சம் கொடுத்தேன், கொடுத்ததைவிட அதிகமாகக் கொடுத்திருக்கலாம் என்பது எனக்கே தெரியும், அதனால்தான் அவரைக் கண்டாலே பயம். முதல் தடவை வந்தபோது குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் தடவை தூங்குவதாகச் சொல்லச் சொன்னேன். மூன்றாம் தடவை, நான் ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிடு என்றேன், அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் பொய் சொல்ல மாட்டேன். உள்ள இருக்காரு, வர மாட்டேங்கறாருன்னு சொல்றேன்" என்று சொல்லி, அப்படியே போய்ச் சொல்லியும் விட்டாள். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். "பரவால்ல தங்கச்சி, அவனுக்குத் தோணும்போது வரட்டும்" என்று சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே போனார். என் அனுதாபத்துக்காக நடிக்கிறான் என்று நினைத்தேன் சின்னு, சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அவருக்கு ஒரு கண்ணில் பார்வை முன்பே போய்விட்டதாம், மற்ற கண்ணுக்கு ஆபரேஷன், அதுவும் நிச்சயமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பத்து நாள் கழித்து அம்மா சபையில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். எப்படிப் போனேன் தெரியுமா, பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு, பஸ்ஸுக்குப் போக வரச் சில்லறை மட்டும் எடுத்துக்கொண்டு. கேட்டால் சட்டைப் பையைக் காட்டி இல்லை என்று சொல்லலாம், பொய்யும் ஆகாது பார். வார்டில் எட்டாவது கட்டிலில், ஆபரேஷன் முடிந்து கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். நான் தொண்டையைக் கனைத்ததுமே, "வந்துட்டியா" என்றார், கையை நீட்டினார். நான் கையைக் கொடுக்குமுன் ஒரு நொடி யோசித்தேன். அவர் கேட்டது ஒன்றுதான், "ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை நம்ம சேர்ந்து முழங்கால் போடணும்னுதான் வந்தேன். போகட்டும், இப்ப ஜெபம் பண்ணு."

என்னால் முடியவில்லை. இருபத்திரண்டு வருஷம் வாய் ஓயாமல் ஜெபித்தவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் அவரே ஆரம்பித்தார், தன் கண்ணுக்காக இல்லை, "இவன் ரொம்ப பயந்து போயிருக்கான் ஆண்டவரே, இவனைப் பாத்துக்கும்" என்று. அப்போதும் என் மனசு, ஆமென் சொன்னதும் கேட்பான் என்று காத்திருந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், நான் நினைத்தது சரிதான் என்று வீட்டுக்கு வந்திருப்பேன்.

இப்போது அவர் வீடு திரும்பிவிட்டார், நிழலாடுவது போல் கொஞ்சம் தெரிகிறது. தினமும் காலையில் போகிறேன், அவர் ஜெபிக்கிறார், நான் ஆமென் மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டுவிட்டேன், உனக்குப் பணம் வேண்டுமா வேண்டாமா என்று. சிரித்தார். "வேணும்டா, யாருக்கு வேணாம்? மருந்துக்கே கையைக் கடிக்குது. ஆனா கேட்டா நீ ஜெபத்துக்கு வர மாட்ட. அதான் கேக்கல" என்றார்.

நான் எழுந்து தெருவுக்கு வந்து யார் வீட்டு வாசல் என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் வங்கிக்குப் போனேன். வைப்புநிதியை முன்கூட்டியே எடுத்தால் வட்டி நஷ்டம் என்று அந்தப் பெண் சொன்னதும் கை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் நின்ற மூன்று பேரை முன்னே விட்டேன். அதற்கப்புறம் கையெழுத்துப் போட்டேன். மனம் மாறிவிட்டேன் என்று இதை வைத்து நம்பிவிடாதே, எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை, அவருக்குக் கொடுத்தது அன்பா அல்லது என் மனசாட்சியின் வாயை அடைத்ததா என்று இன்னும் தெரியவில்லை.

மாப்பிள்ளை விஷயம் என்ன ஆயிற்று என்று எழுது. தேவை என்றால் தேவை என்று எழுது, இல்லாவிட்டால் அதையும் எழுது. தயங்கி ஜாடையாக எழுதாதே, என் புத்தி அதில் புகுந்து விளையாடும். குழந்தையைக் குளிரில் வெளியே விடாதே. உங்கள் மூவரையும் ஆண்டவர் தம் கையால் தொட்டுக் காப்பாராக. எனக்காக ஜெபி, பணத்துக்காக அல்ல, வார்த்தை திரும்பி வர.

இப்படிக்கு,
உன்னையும் சந்தேகப்பட்ட உன் அப்பா

சின்னு, எல்லாம் படித்துப் பார்த்துவிட்டேன். குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தது ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. வங்கி ரசீதையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன், அது உண்மைதான். — அம்மா