மருதந்துறைக் குடத்தில் விழுந்த பதினோராயிரம் ஓலைகள்

மழை பிழையாத குவளை நாட்டில், மணிவாயில் கோட்டையில் வீற்றிருந்து, பகைவர் கனவிலும் படை நடத்தும் மாமன்னர் விடங்கவர்மர் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் இளநக்கன் எழுத்தாணி பிடித்து வரைவது.

மருதந்துறைக் கூற்றத்தின் பேரவைப் பெருமகனும், 'எதிரிலார்', 'குடம் நிறைத்தார்' என்னும் பட்டங்களைத் தாமே தமக்குச் சூட்டிக்கொண்டவருமான அரிகண்ட வேளார் இதனை நின்றபடி படிக்க. உம் கூற்றத்து வயல் விளைக, ஆநிரை பெருகுக, மக்கள்தொகையும் பெருகுக. கடைசி வாழ்த்தைச் சற்று அவசரமாகவே வேண்டுகிறோம்; காரணம் கீழே விளங்கும்.

வடக்கேயிருந்து இரும்பர் படை புறப்பட்டுக் கூழையாற்றின் அக்கரையில் பாசறை இறங்கியுள்ளது. அவர்களின் சமையற்புகை நம் கோட்டை மதிலிலிருந்தே தெரிகிறது. ஆகவே மாமன்னர் முன்னோர் சட்டம் பொறித்த செப்பேட்டை எடுத்துவரச் செய்தார். 'குடத்தில் ஓலை இட்ட கை, அழைக்கும் நாளில் வேல் ஏந்துக' என்பது அதன் வாசகம். அறுபது ஆண்டுகளாகத் தூசி படிந்து கிடந்த இச்செப்பேட்டைச் சென்ற தை மாதம் பேரவையில் தட்டித் துடைத்தவர் நீரே. ஓலை குறைவாக விழும் கூற்றங்கள் நாட்டுப்பற்றில்லாதவை என்றும், இச்சட்டம் ஓர் எழுத்தும் குறையாமல் நிலைக்க வேண்டும் என்றும் இரண்டு நாழிகை முழங்கினீர். அவை எழுந்து நின்றது. யாமும் நின்றோம், கால் வலித்தது.

உம் கூற்றம் எத்தனை வேல் தரும் என்றறிய, உம் தேர்தல் வெற்றிகளின் வரலாற்றை மாமன்னர் படிக்கக் கேட்டார். முதன்முறை ஐவர் போட்டியிட, நூற்றுப் பன்னிரண்டு ஓலை கூடுதலாகப் பெற்று வென்றீர். அது நல்ல வெற்றி. அதன்பின் அப்படியொன்று நிகழவில்லை. அடுத்த முறை எதிர்த்து நின்றவரின் வைக்கோற்போர், அடைமழை நாளில், தானே தீப்பற்றிக்கொண்டது. மூன்றாம் முறை நின்றவர், உம் பரிந்துரையால், யானையே இல்லாத எல்லைக் காவலுக்கு யானை மேற்பார்வையாளராகச் சென்றார், இன்னும் மேற்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான்காம் முறை எதிர்க்க ஆளில்லை. போட்டியில்லாத வெற்றி பார்வைக்கு நன்றாயிராது என்று உம் சமையற்காரன் மாதப்பனையே எதிரே நிறுத்தினீர். அவன் நாற்பத்தோர் ஓலை பெற்றுவிட்டான். மறுநாளே அவனை அடுப்படியிலிருந்து துரத்தினீர். அந்த நாற்பத்தொருவர் யார் யாரென்று ஓராண்டு தேடியும் உமக்குக் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டோம். ஐந்தாம் முறை உமக்கு ஆறாயிரத்து இருநூறு ஓலை. இம்முறை பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது. குடம் போதாமல் நெற்குதிரில் கொட்டி, ஒவ்வொரு கட்டிலும் உம் முத்திரையை நீரே பதித்து அனுப்பினீர்.

இவ்விடத்தில் சிறு ஐயம் எழுந்தது. இரண்டாண்டுக்கு முன் அம்மை கண்டபோது அரண்மனை மருத்துவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, தொட்டில் குழந்தை உட்பட, உம் கூற்றத்தில் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு பேர் என்றார்கள். தெளிவு பெற எம் தூதன் மருதந்துறைக்கே சென்றான். ஆற்றங்கரையில் துணி வெளுக்கும் வெள்ளைச்சி என்பவளை, பெருமகனுக்கு ஓலை இட்டாயா என்று வினவினான். அவள் சொன்னதை அவள் வாய்ச்சொல்லாகவே பொறிக்கிறோம்:

"நான் எதுக்குச் சாமி போகணும்? நான் கிளம்புறதுக்கு முன்னாடியே என் ஓலை போய்ச் சேர்ந்துடுதே! என் வீட்டுக்காரரு செத்து ஒம்போது வருசமாச்சு, மனுசன் ஒரு தேர்தலைக்கூட விடலை. உசிரோட இருந்தப்ப ஒரு வேலைக்கும் நேரத்துக்குப் போனதில்லை."

ஓலை இட்டவர் வேல் ஏந்த வேண்டுமென்று தூதன் சட்டத்தைச் சொன்னதும், அவள் துணியைக் கல்லில் ஓங்கி அடித்து, "அப்ப அந்த ஓலையையே சண்டைக்கும் போகச் சொல்லுங்க" என்றாளாம்.

வெளுப்பவளின் சொல்லையும் மருத்துவரின் எண்ணிக்கையையும் நம்பி, பெருமகனின் முத்திரையை ஐயுறுவது அரச மரபன்று. மாமன்னர் உம் எண்ணிக்கையையே ஏற்றார். படைத்தலைவரும் அதற்கேற்ப வகுத்துவிட்டார். கூழையாற்றின் தென்கரையில், ஆலந்துறை முதல் கல்மண்டபம் வரை, அரைக்காத நீளம் மருதந்துறைப் படைக்கென ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது. உம் புகழில் பங்கு கேட்பதாக ஆகிவிடக் கூடாதென்று, எம் படை ஒரு காதம் பின்னே, குன்றின் மேல் நின்றுகொள்ளும்.

ஆகவே கட்டளை: வரும் முழுநிலா நாளில், பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது வேல்களுடன், முன்வரிசையில் நடுவே நீர் நிற்க. ஆள் குறையுமிடத்தில் முத்திரை பதித்தவரே நிற்க வேண்டும் என்பது அச்செப்பேட்டின் இரண்டாம் பக்கம். நீர் அப்பக்கத்தைத் துடைக்கவில்லை போலும். ஓலைகள் பொய்யென்று எழுதித் தந்தாலும் ஏற்போம். பொய்முத்திரை இட்ட கைக்கு உரிய தண்டனை அதே பக்கத்தில், அடுத்த வரியில் உள்ளது.

இவ்வோலையுடன் வரும் இருபது குதிரைவீரர் நீர் புறப்படும்வரை உம் வாயிலில் தங்குவர். அவர்களுக்கு விருந்து வேண்டா. சமைக்க மாதப்பன் உடன் வருகிறான். முரசு கேட்ட அன்றே அவன் வேலுடன் கோட்டைக்கு வந்தான். அவனுக்கு ஓலை இட்ட நாற்பத்தொருவரும் அழையாமலே பின்வந்தனர். அவர்களைக் குன்றின் மேல் எம்முடன் நிறுத்திக்கொள்வோம்.

கரையில் உமக்கு இடம் தாராளம்.

சிங்க முத்திரை வைத்தோம். இது மன்னர் ஆணை; மறுமொழி ஓலையில் வேண்டா, ஆளாய் வருக.