அறுபதாயிரம் கோழிகளின் அதிபதி பரீட்சை எழுதுகிறான்

பிப்ரவரி 9, ஞாயிறு

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. வயது என்ற கட்டத்தில் 42 என்று அடித்தேன். கம்ப்யூட்டர் மறுபேச்சு பேசவில்லை. பேசியதெல்லாம் மனிதர்கள்தான். நெட் சென்டர்க்காரர், "யாருக்குங்க, மகளுக்குங்களா?" என்றார். எனக்கு என்றேன். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். பிறகு மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

வருங்காலச் சந்ததியினருக்காகக் குறித்து வைக்கிறேன்: நாமக்கல்லுக்குத் தெற்கே அறுபதாயிரம் முட்டைக்கோழிகளை ஆண்டுவரும் அருணகிரியாகிய நான், இருபது வருடமாக சூப்பர்வைசர் என்ற சிம்மாசனத்தில் வீற்றிருக்கிறேன். இதற்குள் என் தலைக்கு மேல் மூன்று மேனேஜர்கள் வந்து போய்விட்டார்கள். மூவருக்கும் எம்.பி.ஏ. உண்டு. மூவருக்கும் கோழியைக் கண்டால் பயம். நாலாவது ஆள் வரும் வரை அந்த நாற்காலி காலி. முதலாளி சொல்லிவிட்டார், "சீட்டு உனக்குத்தான் அருணகிரி, அந்த எம்.பி.ஏ. பட்டத்தை மட்டும் கொண்டாந்துடு." ஞாயிறு வகுப்பு நடத்துகிற சேலம் கல்லூரியில் இடம் கிடைத்தால் போதும். கொண்டுவந்துவிடுவேன்.

பிப்ரவரி 10

போன வருடமும் எழுதினேன் என்பதை நேற்று எழுதாமல் விட்டேன். வேண்டுமென்றுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

சரி, எழுதித் தொலைக்கிறேன். என் நோட்டில் நானே பொய் சொன்னால் பிறகு உண்மை பேச இடம் ஏது?

போன வருடம் பதினேழாவது கேள்வியில் கை நடுங்கியது. சும்மா இல்லை, சேலத்தில் நான் நடுங்கிய நடுக்கத்தில் ஏற்காட்டு மலை அரை அடி நகர்ந்திருக்கும். கேள்வி தெரிந்த கேள்விதான், சதவீதக் கணக்கு. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. நாற்பதாவது நிமிடம் பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். ஊரில் என்ன சொன்னேன்? "தண்ணி பட்ட பாடு, முதல் ஆளா முடிச்சுட்டேன்." எல்லோரும் நம்பினார்கள். மார்க் வந்தபோது திருத்தியவர்களின் கண்பார்வையைக் குறை சொன்னேன். அதையும் நம்பினார்கள்.

கயல்விழி மட்டும் அன்று சாயந்திரம் சட்டையை ஊறவைக்கும்போது, "முதுகு பூரா உப்புப் பூத்திருக்குதுங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பொண்டாட்டியாகப்பட்டவள் கேட்காமல் விட்டால் அதுதான் பெரிய கேள்வி.

பிப்ரவரி 19

தைரியம் சொல்ல உலகமே வரிசையில் நிற்கிறது. ராசிபுரத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்காரர் குணசீலன் தினமும் விடியற்காலை ஒரு வீடியோ அனுப்புகிறார். இன்றைய வீடியோவில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, மனதைக் கடல்போல் வைத்திருக்கச் சொன்னார். "மாப்ள, நாமக்கல்லில கடலுக்கு எங்க போறது?" என்று கேட்டேன். "மோகனூர்ல காவேரி இருக்குதுங்க மச்சான்" என்றார். காவேரியில் இப்போது முழங்கால் தண்ணீர். என் மனதுக்கு அது போதாது.

பிப்ரவரி 26, புதன்

இன்று ஒரு விஷயம் பிடிபட்டது. உலக வரலாற்றில் இதற்கு முன் யாருக்கும் பிடிபடாத விஷயம்.

மருந்து கம்பெனிக்காரர் ஒருவர், சொன்ன பேச்சைக் கேட்காமல் சிவப்புச் சட்டையோடு மூன்றாம் ஷெட்டுக்குள் நுழைந்துவிட்டார். பத்தாயிரம் கோழியும் ஒரே சமயத்தில் எழும்பிக் கத்தியது. கூண்டுக் கம்பியில் சிறகடித்த சத்தம் கரூர் வரை கேட்டிருக்கும். நாளைக்கு முட்டை குறையும், ஓடு மெலிசாகும். ஷெட் பார்க்கிற மணியன் ஓடவில்லை, விரட்டவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, தினமும் உள்ளே வரும்போது கொடுக்கிற அந்தக் குரலை மட்டும் கொடுத்தார். "ப்போ... ப்போ... ப்போ..." நாலு நிமிடம். ஷெட் அடங்கியது.

"எப்படிங்க மணியண்ணா?"

"நாம ஒண்ணும் பண்றதில்லீங்க. தெனமும் ஒரே நேரம், ஒரே நீலச் சட்டை, ஒரே கொரலு. அதுகளுக்கு நாம புதுசில்லைன்னு தெரிஞ்சாப் போதும். புதுசுன்னாத்தானுங்க பயம்."

இருபது வருடமாக எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் இன்றைக்குத்தான் உறைத்தது. பரீட்சை ஹாலுக்கு நான் சிவப்புச் சட்டையோடு போயிருக்கிறேன். உள்ளே இருக்கிற பத்தாயிரமும் எழும்பிவிட்டன. மனதைக் கடல் ஆக்க வேண்டாம். ஷெட் ஆக்கினால் போதும்.

மார்ச் 2, ஞாயிறு

சட்டத்தை இயற்றிவிட்டேன். தினமும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, முட்டை அடுக்குகிற அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில், நீலச் சட்டையோடு, மாதிரித் தேர்வு. முதலாளியிடம் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கியாயிற்று. பிழைக்குப் பிழை மார்க் குறையும், அதனால் தெரியாததைத் தொடுவதில்லை. இன்று நூற்றுக்கு முப்பத்தெட்டு. முட்டைத் தட்டில் இத்தனை உடைந்திருந்தால் என்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள்.

மார்ச் 8, சனி

ஹால் டிக்கெட் வந்தது. மார்ச் 23, ஞாயிறு, காலை பத்து மணி, சேலம்.

பத்து நிமிடம் கழித்துத் தங்கச்சி சண்முகப்பிரியா போன் பண்ணினாள். குரலில் கல்யாணக் களை. "அண்ணா, பாப்பாவுக்குக் காது குத்து வெச்சாச்சு. குலசாமி கோயில்ல. வர்ற இருபத்திமூணு, ஒன்பதரை டு பத்தரை முகூர்த்தம்."

யாரும் என்னைக் கேட்கவில்லை. மாமன் மடி எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்திருப்பார்கள். மடி என்பது ஆளோடு சேர்ந்துதான் நகரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ராசிபுரம் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, எழுதிக் கொடுத்திருக்கணும்.

"பரீட்சையா?" என்றாள். "இந்த வயசுலயா? அதான் போன வருசமே போயிட்டு வந்தீங்களே?"

"தேதிய மாத்து தாயி. ஒரே ஒரு வாரம்."

"பத்திரிகை அடிச்சாச்சு, ஆசாரிக்குச் சொல்லியாச்சு, ஊருக்கே சொல்லியாச்சு. மடி குடுக்க மாமன் இல்லாம எம்புள்ள என்ன அநாதையா? கோழிக்காரன் கோழிக்காரனா இருந்தாப் போதாதாண்ணா?"

அதுதான். அந்தக் கடைசி வார்த்தைதான். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? என் துண்டை மடிச்சு அனுப்பறேன், அது மேல உக்கார வெச்சுக் குத்திக்கோன்னேன். குணசீலன் சிரிச்சுட்டார். அவ சிரிக்கலை. டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டா. காப்பி பாதிதான் குடிச்சிருந்தேன்.

பஸ்ஸில் வரும்போது கை. அதே நடுக்கம். இன்னும் பரீட்சையே வரலை.

விட்டுடலாமா? அடுத்த வருசம் எழுதினாப் போச்சு. நல்ல மாமன்னு பேராவது மிஞ்சும். ஹால்ல பயந்து ஓடினதுக்குக் காது குத்தைச் சாக்கு வெச்சுக்கலாம். எவ்வளவு அழகான சாக்கு.

மாட்டேன். சாக்கு அழகாக இருப்பதால்தான் மாட்டேன்.

மார்ச் 10

மாதிரித் தேர்வு: 44.

மார்ச் 14, வெள்ளி

நான் மேனேஜர் ஆனதும் சொந்தத்தை மறந்துவிடுவேன் என்று ராசிபுரத்தில் பேச்சு. இன்னும் பரீட்சையே எழுதவில்லை, அதற்குள் எனக்கு இவ்வளவு திமிர் இருப்பதாக ஊர் நம்புகிறது. என் மேல் எனக்கே இல்லாத நம்பிக்கை. நன்றி.

பெரியப்பா மகன் அன்பழகன் மடி கொடுக்கிறானாம். அவன் மடியில் ஒரு செய்தித்தாள்கூட நிற்காது.

மாதிரித் தேர்வு: 57.

மார்ச் 16, ஞாயிறு

நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு சேலம் போய்த் தேர்வு மையத்தைப் பார்த்தேன். அஸ்தம்பட்டியில் இறங்கி இன்னொரு பஸ். வாட்ச்மேன் நிறுத்தினார். கட்டடத்தின் அஸ்திவாரத்தைப் பரிசோதிக்க வந்திருக்கிறேன் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் வாய் துருதுருத்தது. உண்மையைச் சொன்னேன். "அடுத்த ஞாயிறு இங்க பரீட்சைங்க. பயம் போகட்டும்னு பாக்க வந்தேன்."

"எம்மகளும் வந்து இதே மாதிரி நின்னா. போய் உக்காருங்க" என்றார்.

பத்திலிருந்து பன்னிரண்டு வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். குழாயில் தண்ணீர் குடித்தேன். படிக்கட்டு எத்தனை என்று எண்ணினேன், இருபத்திரண்டு. அந்தக் கட்டடத்துக்கு இப்போது நான் புதுசில்லை.

மார்ச் 22, சனி

தங்கச்சிக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. காதுக்குப் போடுகிற தங்கக் கம்மல் மாமன் வாங்கித் தருவது வழக்கம். குணசீலனிடம் நேற்றே கொடுத்தாயிற்று. தட்டுத் தட்டாகச் சீரும் கயல்விழி கொண்டுபோகிறாள். எல்லாம் போகிறது. மடி மட்டும் சேலம் போகிறது.

கயல்விழி நீலச் சட்டையைத் தேய்த்துக் கொக்கியில் மாட்டியிருக்கிறாள். காலர் நைந்துவிட்டது. "புதுசு ஒண்ணு இதே நெறத்துல வாங்கி வெச்சிருக்கேன். ஆனா இதையே போட்டுட்டுப் போங்க" என்றாள். என் சட்டத்தைப் பற்றி நான் அவளிடம் வாயே திறந்ததில்லை. மணியனிடம் விசாரித்திருக்கிறாள்.

மார்ச் 23, ஞாயிறு, மதியம் 1 மணி

சேலம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பின்னால் மறந்துபோகும்.

பதினாறு கேள்வி வரை ராஜநடை. மணி பத்தரை ஆகும்போது, இந்நேரம் குத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான். ஷெட் எழும்பிவிட்டது. பேனா தாளில் டொக் டொக் என்று தட்டுகிறது. பதினேழோ பதினெட்டோ, கேள்வி தெரியவில்லை. எழுத்து ஊர ஆரம்பித்தது.

பேனாவைக் கீழே வைத்தேன். ஓடவில்லை. விரட்டவில்லை. உதட்டுக்குள்ளேயே, "ப்போ... ப்போ... ப்போ..."

முன் பெஞ்சுப் பெண் திரும்பிப் பார்த்தாள். கண்காணிப்பு மேடம் வந்துவிட்டார்.

"என்ன சார் சத்தம்?"

"கோழிங்க மேடம்."

"என்னது?"

"ஒண்ணுமில்லீங்க. அடங்கிருச்சு."

அடங்கிவிட்டது. நாலு நிமிடம் போச்சு, போகட்டும். தெரிந்ததைப் போட்டேன், தெரியாததை விட்டேன். கடைசி மணி அடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். மார்க் என்ன வேண்டுமானாலும் வரட்டும், அந்த நாற்காலியை விட்டு நான் எழவில்லை. இதைக் கல்வெட்டில் பொறிக்க ஆள் கிடைக்குமா?

அதே நாள், சாயந்திரம்

குணசீலன் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்பழகன் மடியில் பாப்பாவை வைத்து வலது காது குத்தியாயிற்று. அழுகை. ஆசாரி அடுத்த காதுக்கு ஊசியை எடுத்தபோது தங்கச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாளாம்.

"பெருசுங்க எல்லாம் திட்டுனாங்க மச்சான். ஒத்தக் காதோட வெக்கக் கூடாதும்பாங்கல்ல. இவ காதுலயே போட்டுக்கல. 'வலது காது ஊருக்கு, இடது காது எங்கண்ணனுக்கு. அவரு பரீட்சை முடிச்சுட்டு வரட்டும்'னுட்டா."

குணசீலன் தட்டிலிருந்த முறுக்கை எடுத்துத் தின்றார். முழுதாக நாலு முறுக்கு. நான் தட்டை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

ராசிபுரம். தங்கச்சி முகத்தை நீட்டி வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். "துண்டு கொண்டாந்தீங்களா, ஆளே வந்தீங்களா?" என்றாள்.

"ஆளே."

"கோழிக்காரன்னு சொன்னது தப்புதாண்ணா."

"தப்பென்ன, உண்மைதானே. அதுதான் காப்பாத்துச்சு."

அவளுக்குப் புரியவில்லை. விளக்கவும் இல்லை. மடியில் பாப்பா உட்கார்ந்து, ஆசாரியை ஒரு எதிரி நாட்டு அரசனைப் போல முறைத்தாள். பிடித்திருந்த என் கை அசையவில்லை. கத்தியது பாப்பா மட்டும்தான். அவள் கத்திய கத்தலுக்கு ராசிபுரத்து நெய்யெல்லாம் உறைந்திருக்கும்.

ஏப்ரல் 24

மார்க் வந்தது. நூற்றுக்கு ஐம்பத்தொன்று. முதலாளி கேட்டார், எல்லோரும் கேட்டார்கள். ஐம்பத்தொன்று என்றே சொன்னேன். ஐநூற்றுப் பத்து என்று சொல்ல நாக்கு ஒரு முறை எழும்பியது, அடக்கிவிட்டேன்.

செப்டம்பர் 27, சனி

இடம் கிடைத்த சேலம் கல்லூரியில் நாளை முதல் உள் தேர்வு, புள்ளியியல். வகுப்பில் நாற்பத்தாறு பேர். பக்கத்து நாற்காலிப் பையனுக்கு இருபத்திரண்டு வயது, மத்தியானத்திலிருந்து மூன்று முறை போன் பண்ணிவிட்டான். "பயமா இருக்குங்க அங்கிள், என்ன பண்றது?" என்கிறான். நாளை ஒன்பது மணிக்கே வா, முதலில் போய் உட்கார்ந்துகொள்வோம் என்றேன்.

எனக்கோ கொட்டாவி வருகிறது. இன்னும் வெளிச்சம்கூடப் போகவில்லை.