எண் ஒட்டிய உன் கண்ணாடித் துண்டு

இன்று காலை மகளின் காய்ச்சலுக்கு இரத்தம் சோதிக்கப் புத்தளம் டவுனுக்குப் போனோம். லேப்பில் இருந்த பெண் மகளுடைய விரலில் ஸ்பிரிட் பூசினாள். அந்த வாசம் வந்ததுமே நம் வகுப்பு ஞாபகம் வந்தது. ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் இழுத்தாள். மகள் அழுதாள். நான் அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண வைரஸ் காய்ச்சல்தான் என்று ரிப்போர்ட் வந்தது. வெள்ளையணு எல்லாம் சரிதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். வெளியே வந்ததும் இவர் சொன்னார்: "நீ படிச்சதையெல்லாம் புள்ளைட ஒடம்புல தேடாத."

வேறெங்கே தேடுவது என்று நீயாவது சொல்லேன்.

கொழும்புக்கு இரத்தவியல் முதுநிலை வகுப்புக்குப் போன சனிக்கிழமைகளில், நான் புத்தளத்தில் பஸ் ஏறிப் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு வருவேன். மதுரங்குளியில் ஏறும் நீ, பையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு உட்காருவாய். "எங்கட ஊட்டுல நான் டொக்டராகப் போறன் எண்டு நெனச்சிட்டு இருக்காங்கடி. கண்ணாடி கழுவுறன் எண்டு தெரிஞ்சா வெளியில விடமாட்டாங்க," என்பாய்.

அன்று ஒருவர் விரலில் ஒருவர் குத்தி, சொந்த இரத்தத்தையே சாயமிட்டுப் பார்க்கும் பாடம். உன் விரலில் குத்தியது நான்தான். துளியைக் கண்ணாடியில் எப்போதும்போல் பாதியில் தயங்கி இழுத்தாய். படலத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. "திரும்பவும் கோடா?" என்று மிஸ் ஏசினார். நீ கை கழுவப் போன நேரம் உன் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தேன். கண்ட இடமெல்லாம் முற்றாத பெரிய வெள்ளையணுக்கள். நம்மைச் சோதிக்க மிஸ் ஏதோ நோயாளியின் ஸ்லைட்டை மாற்றி வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். வகுப்பில் முதலாவதாகக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், எல்லோருக்கும் கேட்க நோயின் பெயரைச் சொன்னேன். இரத்தப் புற்றுநோய் என்று.

நீ ஈரக் கையோடு வந்து ஸ்லைட்டின் ஓரத்தைப் பார்த்தாய்.

"அது என்ட பென்சில் எழுத்துடி."

பிறகு மிஸ் பக்கம் திரும்பினாய். "விடை சரி மிஸ். இவளுக்கு முழுப் புள்ளி போடுங்க."

நல்ல ஸ்லைட்டுகளை வகுப்புக்கென்று ஒரு மரப்பெட்டியில் சேர்த்து வைப்பார்கள். வார்டில் உன்னைப் பார்க்க வந்த மிஸ், அந்த ஸ்லைட்டைக் கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றபோது, "வெச்சிக்கங்க மிஸ், கோடு மட்டும்தான் பிழை," என்றாய். பெயரை அழித்து எண் ஒன்றை ஒட்டினார்கள்.

போன பரீட்சையில் மைக்ரோஸ்கோப்புகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி. மணி அடித்ததும் அடுத்ததற்கு நகர வேண்டும். ஒன்றில் குனியும்போதே அந்தக் கோட்டைக் கண்டேன். 'நோய் என்ன?' என்று கேட்டிருந்தார்கள். பேனை கையில் இருந்தது. அன்று வகுப்பில் சந்தோஷமாக ஒலித்த என் குரல் மட்டும் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்கும், அதற்குப் பிறகு வந்த எதற்கும் எழுத வரவில்லை.

வருகிற சனிக்கிழமை மீள் பரீட்சை. இதை விட்டால் இனி எனக்கு வாய்ப்பு இல்லை. மகளை உம்மா பார்த்துக்கொள்வார். "அந்தப் பட்டம் இல்லாட்டி நாங்க செத்தா போவோம்?" என்கிறார் இவர். இவருக்கு எப்படிச் சொல்வேன்? நீ மவுத்தானபோது மகள் பிறந்து நாற்பது நாள் முடியவில்லை என்று என்னை வெளியே விடவில்லை. உன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. உன்னை அடக்கிய மையவாடிக்குள் நம் பெண்கள் போவதுமில்லை. உன்னை நான் பார்க்க மிச்சமிருக்கிற இடம் அந்த மைக்ரோஸ்கோப் ஒன்றுதான். உன் ஸ்லைட் வராவிட்டால் பாஸ் பண்ணிவிடுவேன். அதன்பிறகு அந்த அறைக்குள் என்னை யார் விடுவார்கள்?

போவேன். அந்தக் கோட்டைக் கண்டால் இந்த முறையும் எழுதமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். எழுதக் கண்ணை எடுத்தால், உன்னைப் பார்க்கும் நேரம் அதில் போய்விடும்.